மலிவு விலைக் கைக்கருவிகள்: தரம் அறியும் வழிகளின் வரலாறு

கைக்கருவி வாங்குபவருக்கு எல்லாக் காலத்திலும் ஒரு சிக்கல் இருந்துவந்துள்ளது. கடைப் பலகையில் இரண்டு உளிகள் அருகருகே கிடக்கின்றன. நீளம், அகலம், பளபளப்பு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒன்றின் விலை மற்றதைப் போல நான்கு மடங்கு. வேறுபாடு உலோகத்தின் உள்ளே இருக்கிறது. அது வாங்கும்போது தெரிவதில்லை. உளி மரத்தில் இறங்கும்போதுதான் தெரிகிறது. செய்தவருக்கு அது தெரியும், விற்பவருக்கு ஓரளவு தெரியும், காசு கொடுப்பவருக்குத்தான் தெரியாது.

காசு கொடுப்பவர் பெரும்பாலும் அந்தக் கருவியை வைத்துப் பிழைப்பவர். விலை கூடியதை வாங்கினால் பல நாள் கூலி போய்விடும். மலிவானதை வாங்கி அது வேலையின் நடுவே முறிந்தால் கருவிச் செலவு இரட்டிப்பாவதோடு வேலையும் கெடும். ஆகவே மலிவுச் சரக்கில் எது தேறும், எது தேறாது என்று பிரித்தறிவது அவருக்கு வயிற்றுப்பாட்டுக் கேள்வி. இதற்கு விடையாகக் கடந்த நானூறு ஆண்டுகளில் செய்தவர் குறி, நாட்டின் பெயர், உத்தரவாதம், ஆய்வுக்கூடச் சோதனை எனப் பல அடையாளங்கள் தோன்றின. ஒவ்வொன்றும் சிறிது காலம் நன்றாக உதவியது. பின்னர் அதையும் போலியாகச் செய்யவோ, பொருளற்றதாக்கவோ சந்தை கற்றுக்கொண்டது.

ஷெஃபீல்டும் சுத்தியல் குறியும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள ஷெஃபீல்டு கத்தி, கத்தரிக்கோல், உளி, அரம், ரம்பம் ஆகியவற்றுக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற நகரம். அங்குள்ள கத்தித் தொழிலாளர் சங்கம் 1624இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் நிறுவப்பட்டது. சங்கத்தைச் சேர்ந்த கைவினைஞர்கள் தமக்கென ஒரு குறியைப் பதிவுசெய்து, தாம் செய்த பொருளில் அதைப் பொறித்தார்கள். மட்டமான சரக்கு பிடிபட்டால் அதைச் செய்தவர் யார் என்பதைக் குறி காட்டிக்கொடுத்துவிடும். வாங்குபவருக்கு இரும்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குறியைத் தெரிந்திருந்தால் போதும்.

1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி இந்த ஊரின் போக்கையே மாற்றினார். கடிகார வில் செய்ய அவருக்குக் கிடைத்த உருக்கு ஒரே சீராக இருக்கவில்லை. அக்காலத்து உருக்கு, இரும்புப் பட்டைகளைக் கரியோடு சேர்த்துப் பல நாட்கள் சூடாக்கிச் செய்யப்பட்டது. கரிச்சத்து மேற்பரப்பில் மிகுந்தும் உள்ளே குறைந்தும் நின்றது. ஹண்ட்ஸ்மன் அதைக் களிமண் மூசையில் இட்டு முழுவதுமாக உருக்கி வார்த்தார். கரிச்சத்து எங்கும் சமமாகக் கலந்தது. இந்த 'வார்ப்பு உருக்கு' விலை கூடுதலானது. ஆனால் வெட்டுமுனை நெடுநாள் நின்றது. அதன் பிறகு நல்ல உளியிலும் ரம்பத்திலும் 'வார்ப்பு உருக்கு' என்ற சொற்கள் பெருமையோடு பொறிக்கப்பட்டன.

குழப்பமும் அந்தச் சொல்லிலிருந்தே வந்தது. வார்ப்பு உருக்கு உயர்ந்தது. வார்ப்பிரும்பு என்பது வேறு, உடையக்கூடியது, மிக மலிவானது. வார்ப்பிரும்பில் கத்தரிக்கோலை அச்சில் ஊற்றி எடுத்து, சூட்டில் வைத்து ஓரளவு இளக்கி, நன்றாக மெருகேற்றினால் அடித்துச் செய்த கத்தரிக்கோல் போலவே தோன்றும். சில நாளில் முனை மழுங்கும். கீழே விழுந்தால் உடையவும் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய சரக்கு பெருகி, நேர்மையாகச் செய்தவர்களின் பிழைப்பைக் கெடுத்தது.

இதற்கு 1819ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி கண்டது. சம்மட்டியால் அடித்து உருவாக்கிய பொருளில் சுத்தியல் உருவத்தைப் பொறித்துக்கொள்ளலாம். வார்த்து எடுத்த பொருளில் அதைப் பொறித்தால் தண்டனை. இச்சட்டம் மலிவுக் கத்தரிக்கோலைத் தடை செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மலிவானது மலிவானதாகவே விற்கப்படட்டும், உயர்ந்ததன் வேடம் மட்டும் வேண்டாம் என்பதே அதன் நிலை. மலிவுச் சரக்கைப் பற்றி எழுந்த சட்டங்களுள் இதைவிடத் தெளிவான ஒன்றைக் காண்பது அரிது.

'மலிவு, மட்டம்'

1876இல் அமெரிக்கா தன் நூறாண்டு விழாவையொட்டி ஃபிலடெல்ஃபியாவில் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. ஜெர்மனியின் சார்பில் நடுவராகச் சென்றவர் ஃபிரான்ஸ் ராய்லோ. இயந்திரங்களின் இயக்கம் பற்றிய ஆய்வுக்குப் புகழ்பெற்ற பேராசிரியர் அவர். அங்கிருந்து பெர்லின் நாளிதழ் ஒன்றுக்கு அவர் எழுதிய கடிதங்களில் தம் நாட்டுச் சரக்கை 'மலிவு, மட்டம்' என்று இரண்டே சொற்களில் மதிப்பிட்டார். தரத்தில் போட்டியிடாமல் விலையைக் குறைப்பதிலேயே ஜெர்மானியத் தொழில் குறியாக இருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. உள்நாட்டில் அவருக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் அந்தச் சொற்றொடர் மறையவில்லை.

ஜெர்மனியின் கத்தித் தொழில் நகரம் சோலிங்கன். அங்கிருந்து சென்ற மலிவுச் சரக்கில் ஷெஃபீல்டின் பெயரும் ஆங்கிலேயக் குறிகளும் பொறிக்கப்படுவதாக ஆங்கிலேய உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள். பிரிட்டன் 1887இல் வணிகக் குறிச் சட்டத்தை இயற்றியது. ஆங்கிலேயச் சரக்கு என்று எண்ண வைக்கும் பெயரோ குறியோ உள்ள அயல்நாட்டுப் பொருளில், அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதையும் காட்ட வேண்டும் என்பது விதி. 'ஜெர்மனியில் செய்யப்பட்டது' என்ற வாசகம் ஓர் எச்சரிக்கைப் பலகையாக வேலை செய்யும் என்று சட்டம் கொண்டுவந்தவர்கள் நம்பினார்கள்.

நடந்தது நேர்மாறானது. அந்த வாசகம் இல்லாதிருந்தால், தாம் விரும்பி வாங்கும் பொருள் எங்கிருந்து வருகிறது என்பது ஆங்கிலேயருக்குத் தெரியாமலே போயிருக்கும். இப்போது அது தெரிந்தது. அதே காலத்தில் ஜெர்மானியத் தொழிலகங்களும் தரத்தை உயர்த்திக்கொண்டிருந்தன. 1896இல் ஏர்னஸ்ட் எட்வின் வில்லியம்ஸ் இதே வாசகத்தைத் தலைப்பாக வைத்து ஒரு நூல் வெளியிட்டார். ஜெர்மானியச் சரக்கு பிரிட்டனின் வீடுகளுக்குள் எவ்வளவு ஆழமாக நுழைந்துவிட்டது என்று எச்சரிப்பதே அதன் நோக்கம். இருபதாம் நூற்றாண்டில் அந்த வாசகம் தரத்தின் அடையாளமாகவே மாறிவிட்டது. முன்பு அயலார் பெயரைப் பொறித்ததாகக் குற்றம் சுமத்தப்பட்ட சோலிங்கன், 1938இல் தன் பெயரைப் பிறர் பயன்படுத்தாதபடி காக்கத் தனி ஆணையையே பெற்றது.

நாட்டின் பெயரைப் பார்த்துக் கருவியை மதிப்பிடும் பழக்கம் இன்றும் உலகெங்கும் இருக்கிறது. அது எவ்வளவு மெதுவாக மாறும் அடையாளம் என்பதை ஜெர்மனியின் கதை காட்டுகிறது. பட்டறையில் தரம் உயர்ந்து பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே வாங்குபவரின் மனத்தில் பெயர் உயர்கிறது. தரம் சரியும்போதும் அதே தாமதம்தான்.

கையும் காதும்

குறியை நம்பாத தொழிலாளர்கள் தம் கையையும் காதையும் நம்பினார்கள். தச்சர் ரம்பத்தை வில்போல வளைத்து விடுவார். நன்றாகப் பதமேறிய தகடு உடனே நேராகத் திரும்பும். மட்டமான தகட்டில் வளைவு தங்கிவிடும். பட்டறைக்கல்லைச் சுத்தியலால் தட்டினால் நல்ல உருக்கு கணீரென்று ஒலிக்கும். உள்ளே வெடிப்பிருந்தால் ஒலி மங்கும். உளியின் ஓரத்தில் அரத்தைத் தேய்த்தால், கடினமான உருக்கில் அரம் வழுக்கும், மென்மையானதில் கடித்து இறங்கும். சாணைக்கல்லில் வைத்தால் கரிச்சத்து மிகுந்த உருக்கிலிருந்து பூவாகப் பிரியும் பொறிகள் பறக்கும். சாதாரண இரும்பின் பொறி நீண்ட கோடாகச் செல்லும்.

இச்சோதனைகள் அனைத்தும் உண்மையானவை. இன்றும் பயன்படுகின்றன. ஆனால் இவற்றுக்குக் கடைக்காரரின் அனுமதி வேண்டும், பல ஆண்டுப் பழக்கமும் வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவருக்கு இரண்டும் இருப்பதில்லை. மலிவுச் சரக்கை அதிகம் வாங்குபவரோ அவர்தான்.

அமெரிக்காவின் ரம்பத் தொழிலில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. ஹென்றி டிஸ்டன் 1840இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் அந்நாட்டின் மிகப் பெரிய ரம்ப உற்பத்தியாளராக வளர்ந்தது. தன் முதல்தர ரம்பங்களின் கைப்பிடியில் நிறுவனப் பெயர் பொறித்த பித்தளை வில்லையைப் பதித்தது. அதே நிறுவனமும் பிற நிறுவனங்களும் கடைக்காரர்களுக்காகச் செய்துகொடுத்த இரண்டாம்தர ரம்பங்களில் வேறொரு வில்லை இருந்தது. அதில் 'உயர்தரம் என உறுதியளிக்கப்படுகிறது' என்று மட்டும் எழுதியிருக்கும். உறுதியளிப்பவர் யார் என்று எழுதியிருக்காது. பழைய கருவிகளைச் சேகரிப்பவர்கள் இந்த வில்லையைக் கண்டாலே இரண்டாம்தரம் என்று இன்று அறிந்துகொள்கிறார்கள். உயர்தரம் என்ற சொல்லே உயர்தரமல்ல என்பதற்கு அடையாளமாகிவிட்டது. ஆயினும் இவற்றுள் பல நல்ல தகடுகள்தான். மெருகும் கைப்பிடி வேலைப்பாடும் குறைவு. வெட்டுவதில் பெரிய குறையில்லை. எங்கே செலவைக் குறைத்தார்கள் என்று தெரிந்தவருக்கு அது நல்ல பேரமாகவே இருந்தது.

1927: இரண்டு விடைகள்

மோட்டார் வாகனம் பரவியபோது கருவி வாங்குவோரின் கூட்டமும் மாறியது. தச்சரும் கொல்லரும் அல்லாத பல இலட்சம் சாதாரண மக்களுக்கு ஸ்பானரும் சாக்கெட்டும் தேவைப்பட்டன. சியர்ஸ் ரோபக் என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனம் இவர்களைக் குறிவைத்தது. அது 1927இல் 'கிராஃப்ட்ஸ்மன்' என்ற வணிகப் பெயரை வாங்கியது. கொடுத்த விலை 500 டாலர் என்று சொல்லப்படுகிறது. சியர்ஸ் தானாக எதையும் செய்யவில்லை; பல தொழிலகங்களில் செய்வித்துத் தன் பெயரில் விற்றது. மேல்தரம் கிராஃப்ட்ஸ்மன் பெயரிலும், விலை குறைந்தவை டன்லாப் போன்ற பெயர்களிலும் வந்தன. எந்தப் பெயர் எந்தத் தரம் என்று வாடிக்கையாளர் எளிதாகக் கற்றுக்கொண்டார்கள்.

கிராஃப்ட்ஸ்மனின் உண்மையான வலிமை அதன் உத்தரவாதம். கைக்கருவி உடைந்தால் கடைக்குக் கொண்டுபோய்ப் புதியதை வாங்கிக்கொள்ளலாம். ரசீது வேண்டாம், கால எல்லையும் இல்லை. உருக்கை அறியாதவருக்கு இதைவிட எளிய அடையாளம் வேறில்லை. இருந்தாலும் உத்தரவாதம் தரத்தை அளப்பதல்ல. அது விற்பவரின் கணக்கு. மாற்றிக் கொடுக்கும் செலவைவிட அந்த வாக்குறுதியால் கூடும் விற்பனை அதிகம் என்றால், மட்டமான கருவிக்கும் ஆயுள் உத்தரவாதம் கொடுக்கலாம். ஸ்பானர் வழுக்கி முனை தேய்ந்துபோன போல்ட்டையும், தோல் உரிந்த விரல் முட்டியையும், கடைக்குப் போய்வந்த அரை நாளையும் எந்த உத்தரவாதமும் ஈடுசெய்வதில்லை.

அதே 1927இல் ஸ்டூவர்ட் சேஸும் எஃப். ஜே. ஷ்லிங்கும் சேர்ந்து எழுதிய ஒரு நூல் வெளியாகிப் பரபரப்பை உண்டாக்கியது. மக்கள் தம் பணத்துக்கு உரிய மதிப்பைப் பெறுகிறார்களா என்பதே அதன் கேள்வி. அமெரிக்க அரசு தனக்கு வேண்டிய பொருளை விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதில்லை. தேவையை வரையறுத்து, 1901இல் நிறுவப்பட்ட தன் தர அளவீட்டு நிறுவனத்தில் சோதித்து வாங்குகிறது. அதே மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் சோதனையின் பயன் மக்களுக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை என்று அவர்கள் கேட்டார்கள். ஷ்லிங்க் 1929இல் நுகர்வோர் ஆய்வு அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அங்கு ஏற்பட்ட தொழிலாளர் தகராறுக்குப் பின் பிரிந்தவர்கள் 1936இல் நுகர்வோர் ஒன்றியத்தை நிறுவினார்கள். அதன் இதழ் விளம்பரம் ஏற்பதில்லை. பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சோதித்து எழுதியது.

விற்பவரின் வாக்குறுதி, வாங்குபவரின் சோதனை என்ற இந்த இரண்டு விடைகளும் ஒரே ஆண்டில் எழுந்தது தற்செயல். பின்வந்த மலிவுக் கருவிச் சந்தை முழுவதும் இவை இரண்டுக்கும் இடையில்தான் நடந்தது.

ஜப்பான், தைவான், சீனா

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் கதை ஜப்பானில் மீண்டும் நடந்தது. 1947 முதல் 1952 வரை ஏற்றுமதியான ஜப்பானியப் பொருள்கள் பலவற்றில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது' என்ற வாசகம் இருந்தது. ஜப்பானியச் சரக்கு என்றாலே தகரம் என்று அமெரிக்கர் கேலி பேசிய காலம் அது. ஜப்பான் 1949இல் தொழில் தரச் சட்டத்தையும் 1957இல் ஏற்றுமதி ஆய்வுச் சட்டத்தையும் இயற்றியது. பட்டியலிட்ட பொருள்கள் ஆய்வில் தேறாமல் கப்பலேற முடியாது. 1950இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங் அங்கு ஆற்றிய தரக் கட்டுப்பாட்டு உரைகள் புகழ்பெற்றவை. ஒரு தலைமுறைக்குள் ஜப்பானியக் கருவி மலிவுச் சரக்கு என்ற நிலையைக் கடந்தது. மலிவின் இடத்துக்குத் தைவானும், அதன் பின் சீனாவும் வந்தன.

இம்முறை விலை சரிந்த அளவு முன்பு காணாதது. 1956இல் மால்கம் மெக்லீன் தொடங்கிய பெட்டகக் கப்பல் முறை கடல்வழிச் செலவைப் பெரிதும் குறைத்தது. 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது: காப்புரிமைகள் காலாவதியாயின. ஸ்னாப்-ஆன் நிறுவனம் 1960களில் சாக்கெட்டின் உட்புறத்தை மாற்றி அமைத்தது. அது போல்ட்டின் மூலையைப் பிடிக்காமல் பக்கத்தைப் பிடிக்கும். அதனால் மூலை மழுங்குவதில்லை. காப்புரிமை முடிந்தபின் இந்த வடிவம் எல்லோருக்கும் பொதுவானது. 1960களில் விலையுயர்ந்த சாக்கெட்டில் மட்டுமே இருந்த சிறப்பு, இன்று மலிவுப் பெட்டியிலும் இருக்கிறது. உருக்கின் கலவையும் அப்படியே. குரோம் வனேடியம் என்ற பெயர் ஒரு காலத்தில் உயர்தரத்தைக் குறித்தது. இப்போது அது ஏறக்குறைய எல்லா ஸ்பானரிலும் பொறிக்கப்பட்டிருப்பதால் எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. அதைவிட முக்கியமான சூடேற்றிப் பதப்படுத்தும் வேலை எப்படி நடந்தது என்பதை எந்த எழுத்தும் சொல்வதில்லை.

கிராஃப்ட்ஸ்மன் கைக்கருவிகளின் உற்பத்தியும் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருமளவு சீனாவுக்கு நகர்ந்தது. 2017இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் அந்தப் பெயரைச் சுமார் 90 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்தில் வாங்கியது. சியர்ஸ் 500 டாலருக்கு வாங்கியதாகச் சொல்லப்படும் அதே பெயர்தான்.

ஹார்பர் ஃபிரைட்

அமெரிக்காவில் மலிவுக் கருவி என்றதும் நினைவுக்கு வரும் கடை ஹார்பர் ஃபிரைட். 1977இல் கலிஃபோர்னியாவின் நார்த் ஹாலிவுட்டில் ஆலன் ஸ்மிட்டும் அவர் மகன் எரிக் ஸ்மிட்டும் இதைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் இது கழிவுச் சரக்கையும் திரும்பிவந்த சரக்கையும் அஞ்சல்வழி விற்ற சிறு நிறுவனம். பின்னர் இடைத்தரகர்களை விலக்கி, ஆசியத் தொழிலகங்களிலிருந்து நேரடியாக வாங்கி விற்றது. 1980இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் முதல் கடை. இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. செய்தித்தாள்களில் வரும் தள்ளுபடிச் சீட்டும், எது வாங்கினாலும் இலவசமாகக் கிடைத்த சிறு டார்ச் விளக்கும் மல்டிமீட்டரும் இக்கடையின் அடையாளங்களாயின.

இக்கடைக்கு ஏன் இவ்வளவு கூட்டம் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. அமெரிக்க மோட்டார் பட்டறைகளில் மெக்கானிக் தன் கைக்கருவிகளைத் தானே வாங்கிக்கொள்வது வழக்கம். ஸ்னாப்-ஆன் போன்ற நிறுவனங்களின் விற்பனை வண்டி வாரந்தோறும் பட்டறை வாசலுக்கே வரும், தவணையில் தரும். தொழில் கற்கும் இளைஞர் சம்பளம் உயரும் முன்பே பல ஆயிரம் டாலர் கடனில் விழுவதுண்டு. அவருக்கு, வண்டியில் விற்கும் விலையின் சிறு பங்குக்குக் கிடைக்கும் சாக்கெட் பெட்டி ஒரு மாற்றுவழி. முதலில் மலிவானதை வாங்கு, எது அடிக்கடி கைக்கு வந்து தேய்கிறதோ அல்லது உடைகிறதோ அதை மட்டும் பின்னர் விலை கொடுத்து வாங்கு என்ற பட்டறை வழக்கு இத்தகைய சூழலில் வேரூன்றியது. ஆயிரம் டாலர் பெட்டியில் பாதிக் கருவிகள் ஆண்டுக்கு ஒருமுறைகூட வெளியே வருவதில்லை என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும்.

இணையக் காணொளிகள் வந்தபின் ஷ்லிங்க் கேட்ட சோதனை மெக்கானிக்குகளின் கைக்கே வந்தது. புராஜெக்ட் ஃபார்ம் போன்ற யூடியூப் அலைவரிசைகள் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களின் கருவியைத் தம் காசில் வாங்கி, உடையும்வரை முறுக்கி, எந்த விசையில் உடைந்தது என்று எண்ணில் காட்டின. விலை ஏற ஏறத் தரமும் அதே அளவு ஏறுவதில்லை என்பது இச்சோதனைகளில் அடிக்கடி தெரிந்தது. நடுத்தர விலையுள்ளது முன்னே நிற்பதும், விலையுயர்ந்தது பின்தங்குவதும் உண்டு. எனினும் ஒரே ஒரு கருவியை முறித்துப் பார்த்தால் அந்த ஒன்றின் வலிமைதான் தெரியும். மலிவுச் சரக்கின் குறை பெரும்பாலும் சராசரியில் இல்லை. ஒரே பெட்டியில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று மோசமாகவும் இருக்கும் சீரின்மையே அதன் குறை.

எது தேறுகிறது

இவ்வளவு அனுபவத்திலிருந்து ஒரு பொதுக்கணக்கு உருவாகியுள்ளது. நகரும் பாகமும் கூர்முனையும் இல்லாத, கனத்தால் வேலை செய்யும் கருவிகளில் மலிவானது பெரும்பாலும் போதும்: கடப்பாரை, சம்மட்டி, இறுக்குப் பிடிகள், தள்ளுவண்டி, கருவிப்பெட்டி. இவற்றில் செலவைக் குறைக்க உற்பத்தியாளருக்கு வண்ணப்பூச்சும் கைப்பிடி உறையும் தவிர அதிக இடமில்லை.

வெட்டுபவை வேறு வகை. உளி, டிரில் முனை, ரம்பம் ஆகியவற்றின் மதிப்பு முழுவதும் உருக்கின் பதத்தில்தான். மலிவு டிரில் முனை மரத்திலும் மெல்லிய தகட்டிலும் ஓடும். கெட்டியான உருக்கில் சூடேறி நிறம் மாறி மழுங்கும். ஒரே ஒரு துளைக்கு அது போதும், நூறு துளைக்குப் போதாது. திருப்புளியின் முனை மிக மென்மையாக இருந்தால் திருகும். மிகக் கடினமாக இருந்தால் சில்லாகத் தெறிக்கும்.

அளக்கும் கருவிகளில் வாங்குபவரே சரிபார்க்கக்கூடியவை பல உண்டு. மூலைமட்டத்தைப் பலகையின் ஓரத்தில் வைத்து ஒரு கோடு கிழித்து, அதைத் திருப்பி வைத்து மறுகோடு கிழித்தால் பிழை இரு மடங்காகத் தெரிந்துவிடும். முறுக்குவிசை ஸ்பானரைக் கிடையாகப் பிடித்து, மையத்திலிருந்து அரை மீட்டரில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 49 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். இத்தகைய கருவியில் மலிவானதை வாங்குவது குருட்டுப் பந்தயம் அல்ல.

நகரும் பொறிகளில் நிலை கலப்பானது. ஹார்பர் ஃபிரைட் விற்கும் 212 கன சென்டிமீட்டர் பிரிடேட்டர் எஞ்சின், 1983இல் வெளிவந்த ஹோண்டா ஜிஎக்ஸ் வரிசையின் அமைப்பைப் பின்பற்றியது. விலை அதன் ஒரு பகுதிதான். கோ-கார்ட் பந்தயக்காரர்களே அதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். காலம் நிரூபித்த வடிவத்தை நகலெடுத்த பொருள் நன்றாகவே இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஒரே கருவி ஓரிடத்தில் தேறி மற்றோரிடத்தில் தேறாமல் போவதற்கு மல்டிமீட்டரைச் சொல்லலாம். இலவசமாகவோ மிக மலிவாகவோ கிடைக்கும் சிறு மீட்டர் வாகன பேட்டரியையும் பேனா பேட்டரியையும் அளக்கப் போதுமானது. அவ்வகை மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் கிடையாது; அது மீட்டரின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். கம்பியைத் தவறான துளையில் செருகி வீட்டு மின்பலகையில் வைத்தால் மீட்டர் கையிலேயே வெடிக்கக்கூடும். அங்கே கேள்வி மீட்டரின் துல்லியம் பற்றியதல்ல, அது தவறும்போது என்ன நடக்கும் என்பது பற்றியது.

ஜாக் ஸ்டாண்ட்

இந்தக் கேள்வி 2020இல் கடுமையாக எழுந்தது. ஜாக் தூக்கிய வாகனத்தின் அடியில் நிறுத்தும் தாங்கிதான் ஜாக் ஸ்டாண்ட். மெக்கானிக் அதை நம்பித்தான் வாகனத்துக்கு அடியில் படுக்கிறார். ஹார்பர் ஃபிரைட் தன் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் தாங்கிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பல இலட்சக்கணக்கான தாங்கிகள் இதில் அடங்கின. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் பதிவான காரணம் எளிமையானது. தொழிலகத்தின் அச்சுகள் தேய்ந்துபோயிருந்தன. அதனால் தாங்கியின் பல்லும் அதைப் பிடிக்கும் கொக்கியும் போதிய ஆழம் பொருந்தாமல் போயின. பாரம் ஏற்றிய நிலையில் வாகனம் சற்று அசைந்தால் தாங்கி திடீரென இறங்கக்கூடும்.

இந்தக் குறையைப் பழைய சோதனைகள் எதுவும் காட்டியிருக்காது. தட்டினால் ஒலி சரியாக இருக்கும். உருக்கிலும் குறையில்லை. நூறு முறை பாரத்தைத் தாங்கவும் செய்யும். முதலில் வந்த தாங்கிகள் நன்றாக இருந்து, அச்சு தேயத் தேயப் பின்வந்தவை கெட்டதால், பழைய வாடிக்கையாளரின் நல்ல அனுபவமும் புதியவருக்கு உதவவில்லை. ஆயுள் உத்தரவாதம் இங்கே யாருடைய ஆயுளுக்கு என்று கேட்கவேண்டிய நிலை.

திருப்பிக் கொடுத்தவர்களுக்கு அதே தொகைக்கான கடைச் சீட்டு வழங்கப்பட்டது. பலர் அதைக்கொண்டு அதே கடையில் வேறு தாங்கியை வாங்கினார்கள். சில மாதங்களில் அந்த மாற்றுத் தாங்கிகளில் சிலவற்றில் பற்றவைப்புக் குறை இருப்பது தெரிந்து, அவற்றையும் நிறுவனம் திரும்பப் பெற்றது. அதன்பின் மெக்கானிக்குகளிடையே ஒரு பழக்கம் வலுப்பட்டது. எந்த விலைத் தாங்கியானாலும், எந்தப் பெயர் பொறித்ததானாலும், கழற்றிய சக்கரத்தை வாகனத்தின் அடிச்சட்டத்துக்குக் கீழே தள்ளிவைத்த பிறகே உள்ளே படுக்கிறார்கள்.